படம் எப்போது பெயராகிறது? சிந்துவெளி முத்திரைகளிலும் தமிழகக் கீறல் குறியீடுகளிலும் ஆட்பெயர் வாசிப்பு – நாவாட்ல் சுவடிகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

சிந்துவெளி முத்திரைகளில் பொறிக்கப்பட்டிருப்பவை பெரும்பாலும் ஆட்பெயர்கள் என்னும் கருத்து ஆய்வுலகில் நெடுங்காலமாக நிலவுகிறது. அப்பெயர்களைத் திராவிட மொழிச் சொற்களாக வாசிக்கும் முயற்சிகள், ஒரு பொருளின் படத்தைக் கொண்டு அதே ஒலியுடைய வேறொரு சொல்லைக் குறிக்கும் ரீபஸ் முறையைச் சார்ந்துள்ளன. இம்முறையால் பெறப்படும் வாசிப்பை எவ்வாறு சோதிப்பது என்னும் வினா தமிழ்ச் சூழலில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. மெக்சிகோவின் நாவாட்ல் சுவடிகளில் ஆட்பெயர்கள் படங்களால் எழுதப்பட்டன. அருகே உரோமன் எழுத்தில் உரைக்குறிப்புகளும் உள்ளன. ஆகவே அங்கே படவாசிப்பு சோதனைக்கு உட்படுகிறது. அச்சோதனைகளை அளவுகோலாகக் கொண்டு, மீன் குறி, 'முருகன்' குறி ஆகியவற்றின் வாசிப்புகளையும், தமிழகக் கீறல் குறியீடுகள், ஆனைக்கோட்டை முத்திரை ஆகியவை பற்றிய கருத்துகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: சிந்துவெளி எழுத்து, ரீபஸ், ஆட்பெயர், கீறல் குறியீடு, தமிழி, ஆனைக்கோட்டை முத்திரை, நாவாட்ல்.

1. முன்னுரை

சிந்துவெளி எழுத்தாய்வின் முதன்மையான களங்களுள் ஒன்று தென்சென்னை. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் 2007ஆம் ஆண்டு சிந்துவெளி ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அதன் வழிகாட்டியாக விளங்கியவர் ஐராவதம் மகாதேவன் (1930–2018). 1977இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட அவருடைய தொடரடைவு, 417 குறிகளை வகைப்படுத்தி, அவை எந்தெந்த வரிசையில் எத்தனை முறை வருகின்றன என்பதைத் தொகுத்துத் தந்தது. சிந்துவெளி எழுத்து மொழி சார்ந்ததே எனக் கணிப்புமுறையில் வாதிட்டு 2009இல் சயன்ஸ் இதழில் வெளியான கட்டுரையின் ஆசிரியர்களில் மகாதேவனும், அதே தரமணி வளாகத்தின் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ரணஜாய் அதிகாரியும் இருந்தனர். 2025 சனவரியில் எழும்பூரில் நடைபெற்ற சிந்துவெளி நாகரிகக் கண்டுபிடிப்பு நூற்றாண்டுக் கருத்தரங்கில், இவ்வெழுத்தின் புதிரை விடுவிப்போருக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு வழங்கப்படும் எனத் தமிழ்நாடு முதலமைச்சர் அறிவித்தார்.

பரிசு அறிவிக்கப்பட்ட பின்னர், 'படித்துவிட்டோம்' என்னும் அறிவிப்புகள் பெருகுவது இயல்பே. அவற்றுள் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு முத்திரையில் ஒரு தமிழ்ப் பெயரைக் கண்டடைவதில் முடிகின்றன. இத்தகைய அறிவிப்பை எதிர்கொள்ளும் ஆய்வாளரும் ஆசிரியரும் அதனை ஏற்கவோ மறுக்கவோ ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. மொழிப்பற்றோ அதன் மீதான ஐயமோ அந்த அளவுகோலாக இருக்க இயலாது. படத்தால் பெயரெழுதும் முறை ஐயத்திற்கு இடமின்றி விளங்கிக்கொள்ளப்பட்ட ஓர் எழுத்துமரபை அருகில் வைத்து நோக்குவதே தக்க வழி என இக்கட்டுரை கருதுகிறது.

2. மூன்று கூற்றுகள்

'இந்தப் படம் ஒரு பெயர்' என்று கூறும்போது, வேறுபட்ட மூன்று கூற்றுகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

முதலாவது இடக்கூற்று: பொறிப்பின் இந்த இடத்தில் ஒரு பெயர் இருக்க வேண்டும் என்பது. முத்திரை உடைமையைக் காட்டும் கருவி. மெசபடோமிய உருளை முத்திரைகளில் உடையவர் பெயரும் தந்தை பெயரும் தொழிலும் காணப்படுகின்றன. லோத்தலில் கிடைத்த களிமண் முத்திரைப் பதிவுகளின் பின்புறத்தில் துணியின், நாணலின் தடங்கள் உள்ளன. எனவே சிந்துவெளி முத்திரையிலும் பெயரை எதிர்பார்ப்பது நியாயமானதே. ஆயினும் இக்கூற்று எல்லாப் பொறிப்புகளுக்கும் பொருந்தாது. அரப்பாவில் ஒரே வாசகம் பொறிக்கப்பட்ட 22 சிறு வில்லைகள் ஓரிடத்தில் கிடைத்தன. இவை ஒரு தனிமனிதரின் பெயரைத் தாங்கியவை என்பதைவிட, ஓர் அளவையோ பங்கையோ குறித்தவை எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இரண்டாவது அடையாளக்கூற்று: இப்படம் இன்னாரைச் சுட்டுகிறது, ஆனால் அவர் பெயரை ஒலிப்பதில்லை என்பது. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் சலவைத் தொழிலாளர் துணியின் ஓரத்தில் சேங்கொட்டை மையால் இட்ட குறிகள் இத்தகையவை. ஒரு கோடும் இரு புள்ளியும் ஒரு வீட்டைச் சுட்டும். அவ்வீட்டார் பெயரில் உள்ள எந்த எழுத்தையும் அவை குறிப்பதில்லை. தேர்தல் சின்னம் இதனினும் தெளிவான சான்று. இரட்டை இலையைப் பார்க்கும் வாக்காளர் 'இரட்டை இலை' என்றே வாய்விட்டுச் சொல்வார். ஆயினும் அப்படம் சுட்டும் கட்சியின் பெயரில் இரட்டையும் இல்லை, இலையும் இல்லை. படத்திற்குச் சொல் உண்டு, அச்சொல் பெயராவதில்லை. கட்சியை அறியாத ஒருவர், அச்சின்னத்தை மட்டும் கொண்டு அதன் பெயரை எக்காலத்தும் மீட்டெடுக்க இயலாது.

மூன்றாவது ஒலிக்கூற்று: படத்திற்குரிய சொல்லின் ஒலியே பெயரின் ஒலி அல்லது அதன் ஒரு பகுதி என்பது. வாசிப்பு என்று சொல்லத்தக்கது இது மட்டுமே. முதல் இரு கூற்றுகளுக்கான சான்று எவ்வளவு வலுவாக இருப்பினும் அது மூன்றாவதற்குச் சான்றாகாது. தமிழில் எழுதப்பட்ட பல படவாசிப்புகள், இடக்கூற்றை நிறுவிவிட்டு ஒலிக்கூற்றை நிறுவியதாகக் கொள்கின்றன என்பதே இக்கட்டுரையின் முதன்மையான திறனாய்வு.

3. நாவாட்ல் சுவடிகளில் ஆட்பெயர்

அஸ்டெக் அரசின் மொழியாகிய நாவாட்லில் தொடருரை எழுதும் வழக்கம் குறைவு. பெயர்களும் இடங்களும் நாள்களும் வரிகளுமே படங்களால் எழுதப்பட்டன. 1521இல் அரசு வீழ்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து உருவானதும், இன்று ஆக்சுபோர்டு போட்லியன் நூலகத்தில் உள்ளதுமான மெந்தோசா சுவடியில், அமர்ந்த நிலையிலுள்ள ஒவ்வோர் அரசர் உருவத்திலிருந்தும் மெல்லிய கோடு ஒன்று பெயர்ப் படத்திற்குச் செல்கிறது. கேடயமும் அதிலிருந்து எழும் புகையும் சிமல்போபோகா. சிமல்லி என்பது கேடயம், போபோகா என்பது புகைதல். நீரும் முகமும் சேர்ந்தால் அசாயகாட்ல். 1560ஆம் ஆண்டின் வெசோட்சிங்கோ பதிவேட்டில் இத்தகைய பெயர்ப் படங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அதில் இடம்பெற்றோர் அரசர்கள் அல்லர். வரி செலுத்திய பொதுமக்கள்.

இங்கு ஒலிக்கூற்று மூன்று சோதனைகளில் தேறுகிறது.

முதற்சோதனை உரைக்குறிப்பு. படத்தின் அருகே அதே பெயர் உரோமன் எழுத்தில் உள்ளது. வாசிப்பவர் தம் விருப்பப்படி பெயரைத் தெரிவு செய்ய இடமில்லை.

இரண்டாவது சோதனை மாற்றெழுத்து. இட்ஸ்கோவாட்ல் என்னும் பெயர், இட்ஸ்ட்லி என்னும் எரிமலைக் கண்ணாடிக் கல்லையும் கோவாட்ல் என்னும் பாம்பையும் குறிக்கும் சொற்களால் ஆனது. மெந்தோசா சுவடி, முதுகில் கல்முனைகள் செறிந்த பாம்பாக இதனை வரைகிறது. இவ்வளவில் இது அடையாளப்படமாகவும் இருக்கலாம். ஆனால் வெர்காரா சுவடியில் இப்பெயரில் பாம்பே இல்லை. கல்முனையும், கோமிட்ல் எனப்படும் பானையும், ஆட்ல் எனப்படும் நீரும் உள்ளன: இட்ஸ், கோ, ஆ. பானைக்கும் நீருக்கும் பாம்போடு பொருள் தொடர்பு ஏதுமில்லை. ஒலித்தொடர்பு மட்டுமே உண்டு. 1849இலேயே பிரெஞ்சு அறிஞர் ஒபேன் இதனைச் சுட்டிக்காட்டினார். ஒரே பெயர் பொருளால் தொடர்பற்ற வேறு படங்களால் எழுதப்படும்போதே அங்கு எழுதப்படுவது ஒலி என்பது உறுதியாகிறது.

மூன்றாவது சோதனை அயற்பெயர். எசுப்பானிய ஆளுநர் மெந்தோசாவின் பெயருக்கு நாவாட்லில் பொருள் கிடையாது. எழுத்தர்கள் மெட்ல் எனப்படும் கற்றாழை வகையையும் தோசான் எனப்படும் வளை தோண்டும் எலியையும் வரைந்து 'மெ-தோசா' என ஒலிக்கச் செய்தனர். ஆளுநருக்கும் எலிக்கும் உறவில்லை. ஒலிக்கும் ஒலிக்குமே உறவு.

இச்சோதனைகளில் தேறிய நிலையிலும் ஐயங்கள் முற்றிலும் நீங்கிவிடவில்லை. 'குவாவ்' என்னும் அடி, கழுகையும் மரத்தையும் ஒருசேரக் குறிக்கும். குவாவ்நாவாக் என்னும் ஊர்ப்பெயரை மரமும் அதன் வாயிலிருந்து எழும் பேச்சுச் சுருளுமாக வரைந்தனர். 'அருகில்' என்னும் பொருளுடைய பின்னொட்டை, தெளிந்த பேச்சைக் குறிக்கும் சொல்லின் ஒலியால் காட்டினர். இவ்வெழுத்தில் முறையான அசையெழுத்துத் தொகுதி உண்டு என 2008இல் அல்போன்சோ லகதேனா வாதிட்டார். 2021இல் நூல் எழுதிய கோர்டன் விட்டேக்கர் அதனை அவ்வாறே ஏற்கவில்லை. உரைக்குறிப்புகள் நிறைந்த மரபிலேயே இத்தகைய விவாதம் தொடர்கிறது என்றால், உரைக்குறிப்பே இல்லாத மரபில் எவ்வளவு எச்சரிக்கை தேவை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

4. மீனும் விண்மீனும்

சிந்துவெளி மீன் குறியை 'மீன்' எனத் திராவிடச் சொல்லாகப் படித்தவர்களில் முன்னோடி, பம்பாயில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி என்றி ஈராஸ். அவருடைய பெருநூல் 1953இல் வெளிவந்தது. இதனை ரீபஸ் கோட்பாடாக விரித்தவர் பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்போலா. நீர்வாழ் மீனும் விண்மீனும் ஒரே ஒலியுடையவை. ஆகவே மீன் படம் விண்மீனைக் குறிக்கும். ஆறு கோடுகளுடன் வரும் மீன் அறுமீன் என்னும் கார்த்திகை. ஏழு கோடுகளுடன் வருவது எழுமீன். கூரையுடன் வரும் மீன் மைம்மீன் என்னும் சனி. பிறந்த நாண்மீனால் பெயரிடும் வழக்கம் இந்தியாவில் தொன்மையானது என்பதால் இவை ஆட்பெயர்களின் பகுதிகள் என்பது 1994ஆம் ஆண்டின் அவர் நூலில் விரிவாக எடுத்துரைக்கப்படும் வாதம்.

இவ்வாதத்தின் வலிமையை முதலில் ஏற்க வேண்டும். அறுமீன் (அகம். 141), எழுமீன் (நற். 231), மைம்மீன் (புறம். 117) ஆகியவை ஆய்வாளர் தம் தேவைக்காகப் புனைந்துகொண்ட தொடர்கள் அல்ல; சங்க இலக்கியத்தில் நிலைபெற்ற சொற்கள். நாண்மீனால் பெயரிடும் வழக்கிற்கும் மணிமேகலையின் ஆதிரை முதல் தமிழ்ச் சான்றுகள் உள்ளன. எண்ணும் மீனும் சேர்ந்த வாசிப்பு, இதுவரை முன்வைக்கப்பட்ட படவாசிப்புகளுள் மிகச் சிறந்தது எனலாம்.

எனினும் இவ்வாசிப்புகள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. அறுமீன் வாசிப்பில் தேவைப்படும் ஊகங்கள் இரண்டு: படம் மீன், கோடுகள் எண். மைம்மீன் வாசிப்பிலோ ஊகங்கள் பெருகுகின்றன: மேலுள்ள குறி கூரை, கூரை என்னும் பெயரை விடுத்து வேய்தல் என்னும் வினையைக் கொள்ள வேண்டும், அவ்வினையின் ஒலி 'மை' என்பதற்கு இணையானது, அது கருமையைக் குறித்துச் சனியைச் சுட்டும். ஒவ்வொரு படியும் தனித்து நோக்கக் கூடியதே என்றாலும், படிகள் கூடக்கூட முடிவின் உறுதி குறைகிறது. இவ்விரு வாசிப்புகளையும் ஒரே பட்டியலில் சம மதிப்புடன் தருவது முதலாவதன் வலிமையை இரண்டாவதற்குக் கடனாகக் கொடுப்பதாகும்.

காலஇடைவெளியும் கருதத்தக்கது. முதிர்ந்த அரப்பா நாகரிகத்தின் காலம் பொ.ஆ.மு. 2600–1900, சங்கப் பாடல்கள் அதற்குக் குறைந்தது ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் பிற்பட்டவை. சங்கச் சொல் ஒரு கருதுகோளைத் தரலாம். அதனை மெய்ப்பிக்க அதுவே போதாது. மெய்ப்பிக்க வேண்டியது இரண்டாவது சோதனை, அதாவது மாற்றெழுத்து. மீன் குறி வரும் இடத்தில், அதே சூழலில், வான்பொருளை நேரடியாகச் சித்திரிக்கும் வேறொரு குறி மாறி வருமாயின், பாம்பிற்குப் பதில் பானையும் நீரும் வந்ததற்கு இணையான சான்று கிடைக்கும். கோடுகள் எண்களாகப் பிற குறிகளுக்கு முன்னும் வருகின்றன என்பதையும் மறத்தலாகாது. எண்ணும் மீனும் சேர்ந்து ஒரு பெயரா, எண்ணப்பட்ட பொருளா என்பதைத் தொடரடைவின் துணைகொண்டே முடிவு செய்ய வேண்டும். மகாதேவனின் வாசிப்புகளைவிட அவருடைய தொடரடைவே நிலைத்த கொடை எனக் கருதுவதற்குக் காரணம் இதுவே. எவருடைய வாசிப்பையும், அவருடையதையும் சேர்த்து, சோதிக்கும் கருவி அது.

5. 'முருகன்' வாசிப்பு

மயிலாடுதுறை அருகே செம்பியன் கண்டியூரில் கிடைத்த கைக்கோடரி ஒன்றில் நான்கு குறிகள் இருப்பதாக 2006இல் மகாதேவன் அறிவித்தார். உடல் மெலிந்து குந்தியிருக்கும் உருவம் 'முருகு'. அதனை அடுத்துள்ள சாடிக் குறி ஆண்பால் விகுதி. இரண்டும் சேர்ந்து 'முருகன்' என்பது அவர் விளக்கம். மெலிந்த உருவத்தை முருகனோடு இணைக்கும் கருத்தை அவர் 1999ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே விரித்துரைத்திருந்தார்.

சாடிக் குறி சிந்துவெளிப் பொறிப்புகளில் மிகுதியாக வருவது. மொத்தக் குறி வருகைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அதனுடையது. பெரும்பாலும் வாசகத்தின் இறுதியில் வருகிறது. ஆகவே அது ஒரு விகுதி போன்றது என்னும் கருத்து, குறியின் வருகையிடத்திலிருந்து பெறப்பட்டது. படத்தின் தோற்றத்திலிருந்து அன்று. இந்த அளவில் அது உறுதியான ஆய்வு. ஆனால் 'விகுதி போன்றது' என்பதிலிருந்து 'அன் விகுதி' என்பதற்குச் செல்ல வேறு சான்று தேவை. அதனை வேற்றுமை உருபாகக் கருதியோரும் உளர். வருகையிடம் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது.

முதற்குறியின் நிலை இன்னும் நுட்பமானது. குந்திய உருவம் ஒரு தெய்வத்தின் உருவமாயின் அது அடையாளக்கூற்று. மெலிதலைக் குறிக்கும் சொல்லின் ஒலியால் முருகு என்பதைத் தருகிறது எனில் அது ஒலிக்கூற்று. இவ்வாசிப்பு இரண்டையும் ஒருங்கே கொள்கிறது. ஒன்று தளரும்போது மற்றொன்றைப் பற்றிக்கொள்கிறது. அடையாளமாக வரைந்த உருவத்தோடு ஒலியாக எழுதிய விகுதி சேர்ந்து வரலாம் என்பதை மறுக்க இயலாது. கலப்பெழுத்து முறைகளில் அது வழக்கமே. ஆனால் அதே பெயர் வேறு படங்களால் எழுதப்பட்ட ஒரு சான்றேனும் கிடைக்கும்வரை, இதனைச் சோதிக்கப்படாத கருதுகோள் என்றே குறிப்பிட வேண்டும். நூல்களும் இதழ்களும் இதனை உறுதியான வாசிப்பாக எடுத்தாள்வது மகாதேவனுக்குச் செய்யும் நன்மையன்று.

தமிழுக்கே உரிய ஓர் இடரும் இங்கு உண்டு. நன்னூல் ஓரெழுத்து ஒருமொழிகளாக 42 சொற்களைக் கணக்கிடுகிறது. ஆ, கோ, மா, பூ, தீ, கை, வாய்பாடாகச் சொல்லத்தக்க இத்தகைய சொற்கள் ரீபஸ் எழுத்துக்கு மிகவும் ஏற்றவை. இந்த ஏற்புடைமையே இடராகவும் மாறுகிறது. 'மா' என்பது மரம், விலங்கு, நில அளவு, பெருமை, கருமை எனப் பல பொருள் தரும். ஒரு படத்திற்கு இரு வகை இனங்காணலும், ஒவ்வொன்றிற்கும் மூன்று சொற்களும் கொண்டால் ஒரு குறிக்கு ஆறு வாசிப்புகள். மூன்று குறிகளுக்கு 216. அவற்றுள் தமிழ்ப் பெயர் போல ஒலிக்கும் ஒன்று கிடைப்பதில் வியப்பில்லை. கிடைக்காமற் போனால்தான் வியப்பு. தமிழில் எளிதாக வாசிக்க முடிகிறது என்பதே அது தமிழ் என்பதற்குச் சான்று என வாதிடுவோர் இக்கணக்கைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

6. குறுமை என்னும் எதிர்வாதம்

நாவாட்ல் ஒப்பீடு ஒரு சாராருக்கு மட்டும் எச்சரிக்கை விடுப்பதன்று. 2004இல் பார்மர், சுப்ரோட், விட்செல் ஆகியோர், சிந்துவெளிக் குறிகள் மொழியை எழுதும் எழுத்தே அல்ல என வாதிட்டனர். அவர்கள் முன்வைத்த காரணங்களுள் முதன்மையானது பொறிப்புகளின் குறுமை. சராசரியாக ஐந்து குறிகளுக்கும் குறைவு.

வெசோட்சிங்கோ பதிவேட்டின் பெயர்ப் படங்கள் இதனினும் குறுகியவை. ஒன்று முதல் நான்கு குறிகளுக்குள் அடங்குபவை. நெடிய தொடருரை அம்மரபில் இல்லை. ஆயினும் அவை ஒலியை எழுதுகின்றன என்பதில் ஐயமில்லை. பெயரை மட்டும் எழுதும் தேவைக்கு உருவான எழுத்து குறுகியதாகவே இருக்கும். எனவே குறுமையிலிருந்து 'எழுத்தன்று' என்னும் முடிவுக்கு வருதல் பொருந்தாது.

அயற்பெயர்ச் சோதனைக்கு ஒருவகை இணையும் உண்டு. மேற்காசியாவிலும் வளைகுடாப் பகுதியிலும் கிடைத்த சிந்துவெளி எழுத்து முத்திரைகளில், குறிகள் தாயகத்தவையாக இருப்பினும் அவை அமையும் வரிசை தாயகத்தில் காணப்படாததாக உள்ளது. அயல்நாட்டில் வாழ்ந்தோரின் பிறமொழிப் பெயர்கள் இவ்வெழுத்தால் எழுதப்பட்டன என்பதே இதற்கு இயல்பான விளக்கம். மெலுகா மொழியின் மொழிபெயர்ப்பாளர் எனத் தன்னைக் குறிக்கும் சூ-இலிசுவின் அக்காடிய முத்திரை, அத்தகைய இருமொழிச் சூழல் நிலவியதற்குச் சான்று. குறிகள் வெறும் குலச்சின்னங்களாயின் வரிசை மாற வேண்டிய தேவையில்லை. இச்சான்று ஒலிக்கூற்றின் இருப்பை வலியுறுத்துகிறது; எந்த மொழியின் ஒலி என்பதை அது சொல்லவில்லை.

7. கீறல் குறியீடுகளும் தமிழிப் பெயர்களும்

தமிழகத்தில் விவாதம் இன்று கீறல் குறியீடுகளை நோக்கித் திரும்பியுள்ளது. 1960இல் பி.பி. லால், பெருங்கற்காலக் குறியீடுகளில் 89 விழுக்காட்டை அரப்பா, செம்புக்காலக் குறியீடுகளோடு ஒப்பிடலாம் எனக் காட்டினார். 2025இல் கா. ராஜனும் இரா. சிவானந்தமும் வெளியிட்ட உருவவியல் ஆய்வு, 2,107 குறிகளை 42 அடிப்படைக் குறிகள், 544 திரிபுகள், 1,521 கூட்டுருக்கள் என வகைப்படுத்தி, தென்னகக் குறியீடுகளில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவற்றுக்குச் சிந்துவெளியில் இணைகள் உண்டு என்கிறது. தொகுப்பின் பரப்பிலும் வகைப்பாட்டின் ஒழுங்கிலும் இது லாலின் ஆய்வை வெகுவாக விஞ்சுகிறது. ஆயினும் 65 ஆண்டு இடைவெளியில் ஏறத்தாழ அதே விகிதம் மீண்டும் பெறப்பட்டிருப்பது ஒன்றை உணர்த்துகிறது: உருவ ஒப்புமையை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் அது ஒலிக்கூற்றை நோக்கி ஓரடியும் நகர்த்தாது. அந்நூல் தன்னை உருவவியல் ஆய்வு என்றே அழைத்துக்கொள்கிறது. அவ்வரம்பை மீறியவர்கள் அதனை மேற்கோள் காட்டுவோரே.

ஒலியை நோக்கிச் செல்லும் வழி வேறிடத்தில் உள்ளது. கொடுமணல், கீழடி முதலிய இடங்களில் கிடைத்த பானையோடுகளில் ஆதன், குவிரன் முதலான ஆட்பெயர்கள் தமிழி எழுத்தில் உள்ளன. சில ஓடுகளில் பெயருக்கு முன்னோ பின்னோ கீறல் குறியீடும் இடம்பெறுகிறது. ஒரே ஓட்டில், ஒரே உடைமைச் சூழலில், ஒலி அறிந்த எழுத்தும் ஒலி அறியாத குறியும் அருகருகே நிற்கும் இவ்வோடுகளே நாவாட்ல் உரைக்குறிப்புக்கு நாம் பெற்றுள்ள நெருங்கிய இணை.

இவ்வோடுகளைக் கொண்டு மூன்று கருதுகோள்களைப் பிரித்தறியலாம். குறியீடு பெயரின் ஒலியை எழுதுகிறது எனில், ஒரே பெயருடன் எங்கும் ஒரே குறியீடு வர வேண்டும். ஓர் அசையைப் பகிரும் பெயர்கள் ஒரு குறியையும் பகிர வேண்டும். குறியீடு குடியையோ குலத்தையோ சுட்டுகிறது எனில், ஓர் ஊரில் வெவ்வேறு பெயர்களுடன் ஒரே குறியீடு வரும். அதே பெயர் வேறூரில் வேறு குறியீட்டுடன் வரும். குறியீடு குயவரின் அல்லது பொருளளவின் குறி எனில், அது பெயரைச் சாராமல் பானையின் வகையைச் சார்ந்து வரும். சுடுவதற்கு முன் கீறப்பட்டதா பின் கீறப்பட்டதா என்பதும் இதில் துணைசெய்யும். இம்மூன்றும் ஒன்றையொன்று விலக்கும் எதிர்பார்ப்புகளைத் தருவதால், பெயரும் குறியீடும் உடன்வரும் ஓடுகளை மட்டும் தனியே திரட்டி, இடம், மண்ணடுக்கு, பானைவகை, கீறிய நிலை ஆகிய விவரங்களுடன் ஓர் அட்டவணையாக்கினால் முடிவை நோக்கி நகரலாம். ஆயிரக்கணக்கான தனிக் குறியீடுகளின் ஒப்புமைப் பட்டியலைவிட இச்சிறு அட்டவணை ஒலிக்கூற்றுக்குப் பெரிதும் பயன்படும்.

8. ஆனைக்கோட்டை முத்திரை

இத்தகைய உடன்வருகையின் புகழ்பெற்ற சான்று யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழாய்வில், ஈமப் புதையிடத்தில் கிடைத்த முத்திரை. மேல்வரியில் கீறல் குறியீடுகளை ஒத்த குறிகள். கீழ்வரியில் பிராமி எழுத்துகள் மூன்று. கீழ்வரி 'கோவேத' எனப் படிக்கப்பட்டு, கோ, வேந்து ஆகிய சொற்களோடு தொடர்புபடுத்தப்படுகிறது.

மேல்வரியும் கீழ்வரியும் ஒரே பெயரை இரு எழுத்துகளில் தருகின்றன என்னும் கருத்து ஈர்ப்புடையது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் முத்திரையொன்றே அதனை மெய்ப்பிக்காது. மேல்வரி பெயரின் ஒலியாக இருக்கலாம், பட்டத்தின் சின்னமாக இருக்கலாம், குலக்குறியாகவும் இருக்கலாம். இம்மூன்றிலும் முத்திரை ஒரே தோற்றத்தையே தரும். எகிப்திய எழுத்தை விடுவித்த சாம்போலியன் ஒரு பெயரைக் கொண்டு தம் முடிவை நிறுவவில்லை. தாலமியின் பெயரையும் கிளியோபாத்ராவின் பெயரையும் அருகருகே வைத்து, இரண்டிலும் பொதுவான ஒலிகள் எதிர்பார்த்த இடங்களில் அதே குறிகளால் எழுதப்பட்டிருப்பதை 1822இல் காட்டினார். முதற்பெயர் கருதுகோளைத் தந்தது. இரண்டாவது பெயரே அதனைச் சோதித்தது. ஆனைக்கோட்டை முத்திரை நமக்குக் கிடைத்த முதற்பெயர். கோ என்னும் அசையையோ அம்முத்திரையின் குறிகளுள் ஒன்றையோ பகிரும் இரண்டாவது சான்று கிடைக்கும்போதே அதன் முழுமதிப்பு வெளிப்படும். அதற்குள் அதன் மீது வாசிப்புகளைக் கட்டுவது, பின்னர் வரும் சான்றை நடுநிலையுடன் நோக்கத் தடையாகும்.

9. முடிவுரை

ஆட்பெயரே பல பழைய எழுத்துகளை விடுவித்த திறவுகோல். ஆகவே சிந்துவெளி முத்திரைகளிலும் கீறல் குறியீடுகளிலும் பெயரைத் தேடுவது சரியான தேடலே. இக்கட்டுரை மறுப்பது தேடலை அன்று. தேடலின் முடிவாக, சோதனையைக் கடக்காத வாசிப்பை அறிவிப்பதை.

நாவாட்ல் சுவடிகளிலிருந்து பெறத்தக்க நெறிகள் இவை. இடம், அடையாளம், ஒலி ஆகிய மூன்று கூற்றுகளையும் ஆய்வாளர் பிரித்து, தாம் எதனை நிறுவுகிறார் என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். ஒலிக்கூற்றை முன்வைப்போர், உரைக்குறிப்பு, மாற்றெழுத்து, அயற்பெயர் ஆகிய சோதனைகளுள் ஒன்றையேனும் தம் வாசிப்பு கடப்பதைக் காட்ட வேண்டும். எண்ணுடன் வரும் மீன் குறியின் வாசிப்பு இவற்றை நோக்கி நகரும் வாய்ப்புடையது. மைம்மீன், முருகன் வாசிப்புகள் இன்னும் கருதுகோள் நிலையிலேயே உள்ளன. ஆனைக்கோட்டை முத்திரை இரண்டாம் சான்றுக்காகக் காத்திருக்கிறது. அதே அளவுகோலின்படி, குறுமையைக் காட்டி எழுத்தே அன்று எனக் கூறும் வாதமும் நிலைபெறவில்லை.

உடனடியாகச் செய்யத்தக்கது, தமிழிப் பெயரும் கீறல் குறியீடும் ஒரே ஓட்டில் உடன்வரும் சான்றுகளின் திறந்த தரவுத்தொகுப்பு. அகழாய்வு அறிக்கைகளில் இவை பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. குறியீடுகள் ஒரு பட்டியலிலும் எழுத்துகள் வேறொரு பட்டியலிலும் தரப்படுவதால், உடன்வருகை என்னும் முதன்மையான செய்தியே மறைந்துபோகிறது. ஒளிப்படம், கோட்டுரு, மண்ணடுக்கு விவரம் ஆகியவற்றுடன் இவ்வோடுகளை ஒருங்கே திரட்டும் பணியைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் சிந்துவெளி ஆய்வு மையமும் இணைந்து மேற்கொண்டால், ஐராவதம் மகாதேவனின் தொடரடைவு சிந்துவெளி எழுத்துக்குச் செய்ததைக் கீறல் குறியீடுகளுக்கும் செய்ததாக அமையும்.